கேளுங்க அக்கா: கொலுசு பட்டறையில ஒரு கேமரா

போன இதழ்ல பெண்கள் எடுக்கற ஆவணப்படம் பத்தி ரெண்டே வரி எழுதினேன், இந்த தடவை வந்த கேள்வில பாதி அதப் பத்திதான். சரி, சமையல் சந்தேகம் கேட்டவங்க கோவிச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

அக்கா, தமிழ்ல முதல் பெண் டைரக்டர் யாரு? நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோல எடுத்தவங்களா?
கல்லூரி மாணவி, அயோத்தியாப்பட்டணம்

டி.பி.ராஜலட்சுமி. 1931ல வந்த காளிதாஸ்ல ஹீரோயின் அவங்கதான், அப்புறம் 1936ல ராஜம் டாக்கீஸ்னு சொந்த கம்பெனி வச்சு மிஸ் கமலா படத்தை அவங்களே டைரக்ட் பண்ணாங்க. நம்ம மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கினது 1935. ஏற்காடு ரோட்டுல அந்த ஸ்டுடியோ வளைவு முன்னாடி செல்ஃபி எடுக்கற பசங்ககிட்ட கேட்டு பாத்தேன், அத ஆரம்பிச்ச டி.ஆர்.சுந்தரம்னா சிலருக்கு தெரியுது, ராஜலட்சுமின்னா "சீரியல்ல வர்றவங்களா"ங்கறாங்க!

எந்த படத்துலேர்ந்து பாக்க ஆரம்பிக்கலாம்?
வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

நான் யுகாந்தர்லேர்ந்துதான் ஆரம்பிக்க சொல்லுவேன். 1980ல தீபா தன்ராஜும் சில தோழிகளும் சேர்ந்து ஆரம்பிச்ச ஆவணப்படக் குழு அது. புனேல வீட்டு வேலை செய்யற பெண்கள் சங்கம் சேர்றத எடுத்தாங்க, கர்நாடகா நிப்பாணில புகையிலை ஃபேக்டரி பெண்கள் போராட்டத்த எடுத்தாங்க. நாமளா ஒரு கதை எழுதிட்டு போய் அவங்கள நடிக்க வைக்கல, அந்த தொழிலாளிங்களோடயே உக்காந்து பேசி பேசி எதை காட்டலாம் எதை வேணாம்னு முடிவு பண்ணாங்க, எனக்கு அதுதான் பெருசா படுது. இதே தீபா 2011ல நம்ம புதுக்கோட்டைக்கு வந்து, ஆம்பளைங்க மட்டும் உக்காந்து தீர்ப்பு சொல்ற ஜமாத்துல எங்க பேச்சு எடுபடலன்னு சொல்லி முஸ்லிம் பெண்கள் தங்களுக்குன்னு தனி ஜமாத் வச்சுக்கிட்ட கதைய படமா எடுத்தாங்க. அதை ஆரம்பிச்சவங்க ஷரீஃபா கானம். அது முடிஞ்சா லீனா மணிமேகலையோட தேவதைகள், 2007. ஒப்பாரி பாடறவங்க, கடலுக்கு போறவங்க, அநாதைப் பிணம் எடுத்து அடக்கம் பண்றவங்கன்னு மூணு பெண்கள் அதுல வர்றாங்க. ராத்திரி தனியா பாக்காதீங்க, தூக்கம் போயிரும்.

ஆம்பளைங்க கேமரா தொட்டா ஆகாதா மேடம்?
வாசகர், ஓமலூர்

யாருங்க சொன்னது? யுகாந்தர் படங்களுக்கு கேமரா பிடிச்சதே நவ்ரோஸ் கான்ட்ராக்டர்ங்கற ஆம்பளைதான். தாராளமா வாங்க, ஆனா நடுவுல புகுந்து விளக்கம் சொல்லாதீங்க.

எங்கம்மா வீட்டுலயே கொலுசு பத்த வைக்கறாங்க, அதான் வளையங்கள நெருப்புல ஒட்டற வேலை. போன்ல வீடியோ எடுக்கலாம்னா கேமராவ பாத்ததும் விறைப்பா ஆயிடறாங்க, "ஒரு குறையும் இல்ல கண்ணு"ங்கறாங்க. என்ன பண்றது அக்கா?
வாசகி, செவ்வாய்ப்பேட்டை

சேர் போட்டு எதிர்ல உக்கார வச்சு கேட்டிருப்பீங்க, அதான். இதே தப்ப நானும் பண்ணவதான். காபிப் பழம் எடுக்கற சீசன்ல ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்டுக்கு போனேன், மேஸ்திரி பக்கத்துலயே நின்னுட்டாரு, அத்தனை பேரும் ஒரே மாதிரி "நல்லா இருக்கோம்ங்க"ன்னாங்க, நானும் அதையே ஒரு மணி நேரம் எடுத்தேன். சாயங்காலம் கீழ இறங்கற பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்காந்த அக்கா ஒருத்தங்க நான் கேக்காமலேயே எடை போடறப்ப என்ன நடக்குது, மழை நாள்ல கூலி என்ன ஆகுதுன்னு எல்லாத்தையும் கொட்டிட்டாங்க. கேட்டுக்கிட்டு போன்ல பதிவு பண்ணேன். வீட்டுக்கு வந்து போட்டு பாத்தா இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் டிரைவர் அடிச்ச ஹாரன்தான் கேக்குது.

அதனால அம்மா வேலை செய்யறப்பவே எடுங்க. நெருப்பு ஆடக்கூடாதுன்னு ஃபேன அமத்திட்டு, குனிஞ்சு, அந்த பொடி வளையத்த இடுக்கியில எடுத்து வைக்கறாங்க பாருங்க, வேர்வை கண்ணுல இறங்கறப்ப கை ஓயாம முழங்கையாலயே தொடைச்சுக்கறாங்க, அத எடுங்க. நாலு நாள் சும்மா எடுங்க, அஞ்சாவது நாள் கேமராவ மறந்துருவாங்க. அப்ப ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அப்பாவும் நீங்களும் சேர்ந்துதான் செய்யறீங்க, கூலி நோட்டுல யார் பேரும்மா இருக்கு?

எடுத்து என்ன ஆகப்போகுது? சட்டம் மாறிடுமா?
வாசகி, ஆத்தூர்

நியாயமான கேள்வி. நானும் சலிச்சுப் போய் இப்படி கேட்டவதான். ஆனா நம்ம பக்கத்துலயே, தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம், வாச்சாத்தின்னு மலைவாழ் மக்கள் ஊர் இருக்கே. 1992 ஜூன்ல சந்தனக்கட்டை தேடறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைன்னு ஊருக்குள்ள புகுந்தாங்க, 18 பெண்கள பாலியல் வன்கொடுமை பண்ணாங்க, ஊர் ஜனங்கள அடிச்சு இழுத்துட்டு வந்தாங்க, பெண்கள அடைச்சு வச்சது நம்ம சேலம் ஜெயில்ல. முதல்ல யாரும் நம்பல. மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரங்களும் மாதர் சங்கத்துக்காரங்களும் போய் உக்காந்து அந்த பெண்கள் சொன்னத ஒண்ணு விடாம கேட்டு எழுதினாங்க, மாதர் சங்கத் தலைவர் மைதிலி சிவராமன் மாதிரி ஆளுங்க அத டெல்லி வரைக்கும் கொண்டு போனாங்க. 2011ல குற்றம் சாட்டின அதிகாரிங்க, ஊழியருங்க 269 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு, அதுக்குள்ள 54 பேர் செத்தே போயிட்டாங்க. 2023ல ஹைகோர்ட்டும் அதை உறுதி பண்ணிச்சு. முப்பத்தொரு வருஷம்! அத்தனை வருஷமும் அந்த பெண்கள் ஒரே வாக்குமூலத்துல நின்னாங்க. அப்ப எழுதி வைக்கலைன்னா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

இதுல ஒண்ணு மட்டும் கண்டிப்பா ஞாபகம் வச்சுக்கங்க. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவங்க பேரையோ அடையாளத்தையோ வெளியிடறது குற்றம், முன்ன இபிகோ 228ஏ, இப்ப பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 72. முகத்த மங்கலாக்கிட்டு வீட்டு வாசல காட்டினா ஊருக்கே தெரிஞ்சிரும்.

கடைசி கேள்வி அக்கா. கேமரா வாங்கணுமா, போன் போதுமா?
அதே செவ்வாய்ப்பேட்டை வாசகி

போன் போதும். காலர் மைக் ஒண்ணு வாங்கிக்கங்க. அந்த பஸ் அக்காவ நான் இன்னும் தேடிட்டு இருக்கேன்.