காசு பார்த்தது யார்?

கேள்வி: சென்ற இதழில் சார்லஸ் ஐசன்மன் எடுத்த சர்க்கஸ் ஆட்களின் பழைய படங்களைப் போட்டிருந்தீர்கள். பாவப்பட்ட ஜனங்களைக் காட்டிக் காசு பார்த்தவரைக் கலைஞர் என்று கொண்டாடலாமா? - ஒரு வாசகி, ஈரோடு

பதில்: காசு பார்த்தது யார் என்பதை முதலில் விசாரித்துவிடுவோம்.

ஐசன்மன் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போனவர். 1880-களில் நியூயார்க்கின் பவரி தெருவில் புகைப்பட ஸ்டூடியோ வைத்திருந்தார். பத்து சென்ட் கொடுத்து நுழையும் மலிவுக் காட்சிக்கூடங்கள் நிறைந்த தெரு அது. அங்கே மேடையேறிய, வழக்கத்துக்கு மாறான உடலமைப்பு கொண்டவர்கள் அவருக்கு வாடிக்கையாளர்கள். அட்டையில் ஒட்டிய படங்களைக் கட்டுக்கட்டாக வாங்கிப்போய், பார்க்க வந்தவர்களிடம் அவர்களே விற்றார்கள். அந்தப் பணம் சம்பளத்துக்கு மேல்.

கைகள் இல்லாமல் பிறந்த ஆன் லீக் தாம்சனைப் பாருங்கள். நல்ல உடையில், கணவர், மகனோடு குடும்பப் படத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். விற்கும் அட்டையின் பின்பக்கத்தில் கால்விரல்களில் பேனாவைப் பிடித்து அவரே எழுதித் தருவார். கையெழுத்தும் அழகு, என் கையெழுத்தைவிட நிச்சயமாக அழகு. இவரைப் 'பாவப்பட்ட ஜனம்' என்று சொல்லியிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும்.

ஐசன்மன் அப்பாவி என்று சொல்லவில்லை. நெட்டையரின் தலையில் உயரமான தொப்பியை வைத்து, பக்கத்தில் ஒரு குள்ளரை நிறுத்துவது அந்தத் தொழிலின் வாடிக்கை. குள்ளராக இருந்தால் பெரிய நாற்காலியில் உட்கார வைப்பார்கள். ஆனால் பெரிய புளுகெல்லாம் காட்சி நடத்தியவர்களுடையது. முகமெல்லாம் முடி வளர்ந்த ரஷ்யர் ஃபியோதர் யெஃப்டிசேவை 1884-இல் அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னம் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார். 'நாய்முகப் பையன் ஜோ-ஜோ' என்று பெயர் வைத்து, காட்டுக் குகையில் பிடிபட்டவன் என்று கதை கட்டி, மேடையில் குரைக்கவும் வைத்தார்கள். அவரோ ரஷ்ய மொழியோடு ஜெர்மனும் ஆங்கிலமும் பேசியவர்!

உங்கள் கோபத்துக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. தாடிப் பெண்மணி ஆனி ஜோன்ஸ். ஐசன்மனின் படங்களில் தன்னம்பிக்கையோடு நிற்கிறார், சரி. ஆனால் கைக்குழந்தையாக இருந்தபோதே பார்னமின் காட்சிக்கு வந்துவிட்டவர். அவரிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? அந்தக் கேள்வியை அவரைப் பெற்றவர்களிடமும் பார்னமிடமும் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். அதற்காக ஆன் லீக்கின் படத்தை மறைக்கச் சொல்லாதீர்கள். அவர் விற்பதற்கென்றே எடுத்துக்கொண்ட படம் அது.