கூத்துக் கசெற்றும் அண்ணாவியாரின் குரலும்

கேள்வி: எங்கள் ஊர் அண்ணாவியார் (கூத்துப் பழக்கும் ஆசான்) பாடிய வடமோடிப் பாணிக் கூத்து, பழைய சி-90 கசெற்றில் இருக்கிறது. வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப வேண்டும். போட்டால் சத்தம் மங்கலாக வருகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: முதலில் நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் போடவே வேண்டாம். அது நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும் ஒட்டி அடுத்த கசெற்றுக்கும் போகும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத் துண்டு விழுந்திருந்தாலும் ஒலி மங்கும். இரண்டும் சரியென்றால் ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பிறகும் மங்கலா? ஹெட்டின் சாய்வு, கூத்தைப் பதிந்த கருவியின் சாய்வோடு பொருந்தாமல் இருக்கலாம். ஹெட்டருகே சுருள்கம்பி மாட்டிய திருகாணியை, நாடா ஓடும்போதே மெல்லத் திருப்பி, சல்லரி (கைத்தாளம்) கணீரென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

கைப்பேசியை ஸ்பீக்கர் முன் பிடிக்காதீர்கள். டெக்கின் (கசெற் போடும் கருவியின்) லைன் அவுட்டிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு வயர் கொடுங்கள். மைக் துளையில் செருகினால் ஒலி பிளக்கும். மத்தளம் திடீரென எகிறும், ஆகவே பதிவு அளவின் உச்சம் -6 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. 24 பிட், 44.1 கிலோஹேட்ஸ் ஸ்டீரியோ வேவ் கோப்பு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 950 எம்.பி. வரும். அதை வைத்துக்கொண்டு, எம்பி3 பிரதியை அனுப்புங்கள்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவோடு பாவியுங்கள். இரைச்சலோடு சல்லரியின் ரீங்காரமும் போய்விடும். கொஞ்சம் இரைந்தாலும் பரவாயில்லை.

கோப்போடு ஊர், ஆண்டு, கூத்தின் பெயர் எழுதுங்கள். அண்ணாவியார் பெயர் எப்படியும் நிற்கும். சல்லரி போட்டவரையும் பிற்பாட்டுக்காரரையும்தான் யாரும் எழுதுவதில்லை. குரல் அறிந்த பெரியவர்களிடம் இப்போதே கேளுங்கள்.