மெத்தட் சிக்னேச்சரை மாற்றும் வேலையை ஐடிஇயிடம் விடலாமா?

பல நூறு இடங்களிலிருந்து அழைக்கப்படும் ஒரு ஜாவா மெத்தடில் (பெயர் சொல்லி அழைக்கக்கூடிய நிரல் துண்டில்) புதிய பாராமீட்டர் (அது பெறும் உள்ளீடு) ஒன்றைச் சேர்த்து, இருப்பவற்றின் வரிசையையும் மாற்ற வேண்டியுள்ளது. இதை ஐடிஇயின் (நிரல் எழுதும் மென்பொருளின்) தானியங்கி வசதியிடம் விடலாமா, கையால் திருத்துவதுதான் பாதுகாப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். கருவியிடமே விடுங்கள். ஆனால் அதன் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை அறிந்துகொண்டு விடுங்கள்.

கையால் திருத்துபவர்கள், நிரலை மொழிபெயர்த்துப் பிழை காட்டும் கம்பைலரை நம்புகிறார்கள். சிக்னேச்சரை, அதாவது மெத்தடின் பெயரும் பாராமீட்டர்களும் சேர்ந்த தலைப்பை, மாற்றினால் எல்லா இடங்களிலும் பிழை காட்டும், ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. புதிய பாராமீட்டரைச் சேர்க்கும்போது அது பெரும்பாலும் பலிக்கும். வரிசையை மாற்றும்போது பலிக்காது. நான் முன்பு இருந்த ஒரு குழுவில், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி என்று ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு பாராமீட்டர்களைக் கையால் இடம் மாற்றினோம். ஓர் அழைப்பு மட்டும் பழைய வரிசையிலேயே தங்கிவிட்டது. கம்பைலருக்கு அதில் குறை எதுவும் தெரியவில்லை. அந்த அழைப்பைச் சார்ந்த அறிக்கை மட்டும் வெறுமையாக வந்துகொண்டிருந்தது, காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாட்கள் ஆயின. கம்பைல் ஆகாத பிழையைவிடக் கம்பைல் ஆகிவிடும் பிழையே ஆபத்தானது என்பதால்தான் இந்த வேலைக்குக் கருவி வேண்டும் என்கிறேன்.

இந்தக் கருவிகள் பெயரைத் தேடி மாற்றுபவை அல்ல. நிரலின் தொடரியல் மரத்தைக் கட்டி, ஒவ்வோர் அழைப்பும் எந்த மெத்தடைக் குறிக்கிறது என்பதை வகைகளோடு சேர்த்துத் தீர்மானித்த பிறகே மாற்றுகின்றன. ஆகவே அதே பெயரும் வேறு பாராமீட்டர்களும் கொண்ட ஓவர்லோடுகளைத் தொடாமல் விட்டு, இன்டர்ஃபேஸை நிறைவேற்றும் கிளாஸ்களையும் அந்த மெத்தடைத் தம் வடிவில் மாற்றி எழுதும் (ஓவர்ரைடு செய்யும்) துணைக் கிளாஸ்களையும் சேர்த்தே திருத்துகின்றன. நிரலின் நடத்தை மாறாமலிருக்க எந்தெந்த முன்நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்ற கேள்வியை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆப்டைக் 1992இல் அளித்த ஆய்வேடு விரிவாக ஆராய்ந்தது. அதே பல்கலைக்கழகத்தில்தான் ஸ்மால்டாக் மொழியில் நடத்தையை மாற்றாமல் நிரலைச் சீரமைக்கும் கருவியான ரீஃபாக்டரிங் பிரவுசரும் உருவானது. இன்று இன்டெல்லிஜே என்ற ஐடிஇயில் கன்ட்ரோல்+எஃப்6, எக்லிப்ஸ் என்ற ஐடிஇயில் ஆல்ட்+ஷிஃப்ட்+சி என்று நாம் அழுத்துவதன் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

அப்படியும் நீங்களே பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. ஜாவா ஆர்கியுமென்டுகளை (அழைப்பில் பாராமீட்டர்களுக்குக் கொடுக்கும் மதிப்புகளை) இடமிருந்து வலமாக மதிப்பிடுகிறது. ஓர் அழைப்பில் இரண்டு ஆர்கியுமென்டுகளும் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தரும் ஒரே இட்டரேட்டரிலிருந்து அடுத்த உறுப்பைப் பெறுபவையாக இருந்தால், வரிசை மாறியதும் அவை பெறும் மதிப்புகளும் மாறிவிடும். மெத்தடின் பெயரையும் பாராமீட்டர் வகைகளையும் நிரல் ஓடும்போது கொடுத்து ரிஃப்ளெக்‌ஷன் வழியே அழைக்கும் இடங்களும், ஸ்ட்ரிங்குக்குள் (வெறும் உரைக்குள்) எழுதப்பட்ட, ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பின் எக்ஸ்பிரஷன்களும் கருவிக்கு எட்டாமல் போகலாம்; அவற்றுக்கு மெத்தடின் பெயரை வைத்து உரைத் தேடல் ஒன்றைத் தனியாகச் செய்யுங்கள். மொக்கிட்டோ என்ற சோதனைக் கருவியில் எழுதிய டெஸ்டுகளில், எந்த மதிப்பு வரலாம் என்று விவரிக்கும் மேட்சர்களுக்கு நடுவே கருவி ஒரு நேரடி மதிப்பைச் செருகினால் கம்பைல் ஆகும், ஆனால் ஓடும்போது டெஸ்ட் விழும், ஏனெனில் ஓர் ஆர்கியுமென்டுக்கு மேட்சர் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் மேட்சரே கொடுக்க வேண்டும். இது சத்தம் போட்டு விழும் பிழை என்பதால் எனக்கு இதில் கவலை குறைவு.

எனக்குக் கவலை தருவது, புதிய பாராமீட்டருக்கு என்ன மதிப்பு என்று கருவி கேட்கும் அந்தச் சிறு பெட்டிதான். அவசரத்தில் அங்கே நல் (null, அதாவது மதிப்பில்லை) என்று எழுதிவிட்டால், பல நூறு இடங்களில் யாரும் யோசிக்காத ஒரு முடிவு ஒரே நொடியில் எழுதப்பட்டுவிடும். அதனால் நான் இரண்டு படிகளாகச் செய்கிறேன். முதலில், பழைய மெத்தடை அப்படியே வைத்துக்கொண்டு அது புதியதை அழைக்கும்படி செய்யும் தேர்வைப் பயன்படுத்துகிறேன். இன்டெல்லிஜேயில் அது உண்டு. இப்போது புதிய பாராமீட்டரின் மதிப்பு பழைய மெத்தடின் உடலில், ஒரே ஒரு வரியில் இருக்கிறது. அந்த மதிப்பு பொருந்தாத அழைப்புகளைத் தேடி, புதிய மெத்தடுக்குக் கையால் மாற்றுகிறேன். மீதமுள்ளவை எல்லாவற்றுக்கும் அந்த மதிப்பே சரி என்று உறுதியான பிறகு, பழைய மெத்தடின் மீது, அழைப்பின் இடத்தில் மெத்தடின் உடலையே வைக்கும் இன்லைன் கட்டளையைக் கொடுத்தால், எஞ்சிய அழைப்புகள் தாமாகவே புதிய வடிவத்துக்கு மாறி, பழைய மெத்தடும் நீங்கிவிடும்.

உங்கள் மெத்தட் வேறு புராஜெக்டுகள் பயன்படுத்தும் லைப்ரரியில் இருந்தால், இன்லைன் படியை இப்போது செய்யாதீர்கள். பழைய சிக்னேச்சருக்காகக் கம்பைல் ஆன கோடு, லைப்ரரியின் புதிய ஜார் கோப்பைச் சந்திக்கும்போது நோசச்மெத்தட்எரர் (அப்படியொரு மெத்தட் இல்லை) என்று நின்றுவிடும். பழையதை டெப்ரிகேட்டட் (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்று குறித்து ஒரு வெளியீட்டுக் காலமாவது விட்டுவையுங்கள். பயன்படுத்தும் களஞ்சியங்கள் பல உங்கள் நிறுவனத்துக்குள்ளேயே இருந்தால், ஓபன்ரீரைட் போன்ற கருவியில் இந்த மாற்றத்தை ஒரு ரெசிப்பியாக (மாற்ற விதியாக) எழுதி எல்லாவற்றிலும் ஓட்டலாம். அது கோடின் இடைவெளிகளையும் கமென்டுகளையும் குலைக்காமல் மாற்றும்.

எதைச் செய்தாலும், கருவி செய்த மாற்றத்தைத் தனி கமிட்டாக (தனிப் பதிவாக) வையுங்கள். உங்கள் கைத்திருத்தங்கள் அதில் கலந்துவிட்டால், மாற்றங்களைக் காட்டும் ஆயிரம் வரி டிஃப்பில் உங்கள் நான்கு வரிகளை ரிவ்யூ செய்பவரால் பிரித்துப் பார்க்க முடியாது.