காலையில் சாப்பிட்டது ஞாபகமில்லை, பால்மரம் வெட்ட மட்டும் எப்படி வருகிறது?

தாத்தா நடிக்கவில்லை. காலையில் பசியாறியதை மறந்தவர், உளியைக் கொடுத்ததும் கோடு பிசகாமல் பால்மரம் வெட்டுகிறாரே (ரப்பர் பால் எடுக்க மரப்பட்டையைக் கீறுகிறாரே) என்று உங்கள் மாமா சந்தேகப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். நடந்ததை நினைவில் வைப்பதும் கைப்பழக்கமும் மூளையில் வேறு வேறு இடத்து வேலை.

1953-இல் அமெரிக்காவில் வலிப்புக்காக ஹென்றி மொலைசன் என்ற நோயாளிக்கு, நடந்ததை நினைவில் பதிக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் கணிசமான பங்கை இருபுறமும் எடுத்துவிட்டார்கள். அப்புறம் புதிதாக நடந்தது எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. ஆனால் உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியைப் பார்த்தபடி நட்சத்திரம் வரையக் கொடுத்தபோது, நாளுக்கு நாள் அவர் கை தேறியது. முந்தின நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது!

தாத்தாவுக்கு ஆல்சைமர் என்ற மறதி நோயாக இருக்கலாம். அதுவும் பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான் முதலில் தாக்கும்.

தாத்தாவின் நினைவைச் சோதிக்க, அவரிடம் மங்கு, வாளி, கோயில் என்று மூன்று சொல் சொல்லுங்கள். வேறு பேச்சுப் பேசி, ஐந்து நிமிடம் கழித்துக் கேளுங்கள். துப்புக் கொடுத்தும் வரவில்லையென்றால், சுங்கை சிப்புட் டவுன் அரசாங்கக் கிளினிக்கில் அதைச் சொல்லுங்கள்.

இதை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். தைராய்டு கோளாறும் பி12 குறைவும்கூட மறதி தரும், அதற்கு மருந்து உண்டு. ரத்தப் பரிசோதனை கேளுங்கள். திடீரென்று குழம்பிப் பேசினால், அதுவும் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவரென்றால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.