சஹாராவா, ரூபிகானா: 25,000 வெள்ளியில் வண்டிக்குப் போவது எவ்வளவு?

கேள்வி: எனக்கு வயது 43. சிங்கப்பூரின் செம்பவாங்கில் ஐந்தறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், 72 வயதான அப்பா ஆகியோருடன் வசிக்கிறேன். மத்திய சேமநிதிப் பிடித்தம் போக, எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 13,500 வெள்ளி கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் சேமநிதியிலிருந்தே போய்விடுகிறது. மற்றச் செலவுகள் மாதம் 6,800 வெள்ளி. வங்கியில் 150,000 வெள்ளி இருக்கிறது. இப்போது கார் இல்லை. நான்கு கதவு ஜீப் ராங்ளர் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டோம், வேரியன்ட்டில்தான் குழப்பம். இணை இறக்குமதியாளர் (அதிகாரபூர்வ முகவர் அல்லாதவர்) ஒருவர் சஹாராவுக்கு 290,000 வெள்ளியும் ரூபிகானுக்கு 315,000 வெள்ளியும் சொல்கிறார். அவர் காட்டிய தாளில் ஓஎம்வி (வண்டியின் இறக்குமதி மதிப்பு) முறையே 46,000, 53,000 வெள்ளி. கடன் 7 ஆண்டுகள், ஃபிளாட் வட்டி 2.68 சதவிகிதம். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை நண்பர்களுடன் ஜொகூர் செம்பனைத் தோட்டப் பாதைகளுக்குப் போவேன். “மாதம் 212 வெள்ளிதான் அதிகம், பிறகு ரூபிகானை எடுத்திருக்கலாமே என்று வருந்துவீர்கள்” என்கிறார் விற்பனையாளர். எதை எடுக்கலாம்?

பதில்: சஹாராவை எடுங்கள், அதையும் நான்கு மாதம் பொறுத்து எடுங்கள். காரணத்தை விலைப்பட்டியலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் விற்பனையாளர் சொன்ன 212 வெள்ளி தவறான கணக்கு அல்ல, பாதிக் கணக்கு.

இரண்டு வண்டிகளிலும் இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் இயந்திரம்தான் இருக்கிறது. 1,600 சிசியைத் தாண்டுவதால் இரண்டுக்கும் ‘பி’ பிரிவு வாகன உரிமைச் சான்றிதழ்தான் வேண்டும்; சாலை வரியும் ஆண்டுக்குச் சுமார் 1,206 வெள்ளி என்று ஒன்றே. ஆகவே பத்தாண்டுக்குச் செல்லுபடியாகும் அந்தச் சான்றிதழின் (சிஓஇ) ஏல விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் குழப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வித்தியாசம் பெரும்பாலும் ஓஎம்வியில், அதாவது வண்டி இங்கே வந்து இறங்கும்போது சுங்கத்துறை அதற்கு வைக்கும் மதிப்பில் இருக்கிறது. அந்த மதிப்புக்கு 20 சதவிகிதம் சுங்கத் தீர்வை, இரண்டும் சேர்ந்த தொகைக்கு 9 சதவிகிதம் பொருள் சேவை வரி, அதற்கு மேல் கூடுதல் பதிவுக் கட்டணம் என்று அடுக்கடுக்காக ஏறுகிறது. கூடுதல் பதிவுக் கட்டணம்தான் இதில் பெரியது: ஓஎம்வியின் முதல் 20,000 வெள்ளிக்கு 100 சதவிகிதம், அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்த 20,000க்கு 190, பிறகு 80,000 வரை 250, அதைத் தாண்டினால் 320 சதவிகிதம்.

உங்கள் இரண்டு வண்டிகளும் 40,000க்கும் 60,000க்கும் இடையிலான படியில் நிற்கின்றன. அந்தப் படியில் ஓஎம்வி ஒரு வெள்ளி கூடினால், நீங்கள் கொடுக்க வேண்டியது 3 வெள்ளி 21 காசு கூடுகிறது. இதை 7,000 வெள்ளிக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியின் மதிப்பு 7,000, தீர்வை 1,400, பொருள் சேவை வரி 756, கூடுதல் பதிவுக் கட்டணம் 13,300. ஆக 22,456 வெள்ளி. 25,000இல் எஞ்சிய 2,544 வெள்ளியில் விற்பவரின் இலாபமும் இதர செலவுகளும் அடங்கிவிடுகின்றன. நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் இரும்பாகவும் ரப்பராகவும் வீட்டுக்கு வருவது நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் மட்டுமே. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பவர் “ரூபிகான் அந்தக் கூடுதல் விலைக்குத் தகும்” என்று காணொளியில் சொன்னால், அவர் சொல்வது அவர் ஊரின் விலைக்கு. நம் விலைக்கு அல்ல.

இதே காரணத்தால், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் தோல் இருக்கை, வேறு நிற மேற்கூரை, பெரிய ஒலிப்பெருக்கி போன்ற விருப்பத் தேர்வுகளும் ஓஎம்வியில் சேர்ந்து, அதே 3.21 மடங்காகி உங்கள் தலையில் விழும். அவற்றில் பலவற்றைப் பதிவு முடிந்தபின் உள்ளூர்க் கடையில் பொருத்திக்கொண்டால் அந்தப் பொருளின் விலையோடு கதை முடியும். விலைப்பட்டியலைத் திரும்ப வாங்கி, சஹாராவில் என்னென்ன விருப்பத் தேர்வுகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இணை இறக்குமதியில் வண்டி பெரும்பாலும் முன்பே ஆர்டர் செய்யப்பட்டுக் கப்பலில் இருக்கும். அப்படியானால் மாற்ற முடியாது, ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்பதாவது தெரியும்.

இனி அந்த 212 வெள்ளி. ஓஎம்வி 20,000 வெள்ளியைத் தாண்டிய வண்டிக்கு, நாணய ஆணையத்தின் விதிப்படி விலையில் 60 சதவிகிதத்துக்கு மேல் கடன் கிடையாது. தவணைக் காலமும் 7 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. ஆகவே 25,000 வெள்ளி வித்தியாசத்தில் 15,000தான் கடனாகிறது. அதற்கு 7 ஆண்டு வட்டி 2,814 வெள்ளி. 84 தவணைகளாகப் பிரித்தால் மாதம் 212 வெள்ளி என்பது சரிதான். மீதி 10,000 வெள்ளியை முதல் நாளே ரொக்கமாக எண்ணி வைக்க வேண்டும் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. 2.68 சதவிகிதம் என்பதும் குறைவாகத் தோன்றும் எண். ஃபிளாட் முறையில் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழுக் கடனுக்கே போடப்படுவதால், உண்மையில் அது ஏறத்தாழ 5 சதவிகிதக் கடன்.

அந்த 10,000 வெள்ளி உங்கள் வீட்டில் என்ன செய்யும் என்று பார்ப்போம். சஹாராவுக்கு முன்பணம் 116,000 வெள்ளி. வங்கியில் 34,000 எஞ்சும். ரூபிகானுக்கு 126,000, எஞ்சுவது 24,000. சஹாராவின் மாதத் தவணை 2,460 வெள்ளி. பெட்ரோல், காப்புறுதி, வீவக மாதாந்திர வாகன நிறுத்தக் கட்டணம், சாலை வரி, பராமரிப்பு எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 700 வெள்ளி என்று மிகவும் குறைத்தே வைத்துக்கொள்கிறேன். உங்கள் குடும்பத்தின் மாதச் செலவு இன்றைய 6,800இலிருந்து கிட்டத்தட்ட 10,000 வெள்ளி ஆகிவிடும். இருவரில் ஒருவர் வேலை நின்றாலோ அப்பாவுக்கு மருத்துவச் செலவு வந்தாலோ கைகொடுப்பது கையிருப்புதான்; 34,000 வெள்ளி ஏறத்தாழ மூன்றரை மாதச் செலவுக்கு வரும். 24,000 இரண்டரை மாதத்தைக்கூட எட்டாது. முதியவர் இருக்கும் வீட்டுக்கு ஆறு மாதச் செலவையாவது கையில் வைத்திருக்கச் சொல்வது என் வழக்கம். அதற்கு 60,000 வெள்ளி வேண்டும். இப்போது மாதம் 6,700 வெள்ளி மிச்சப்படுத்துகிறீர்கள் என்பதால், நான்கு மாதம் பொறுத்தால் சஹாராவுக்கு அந்தக் குறை நிரம்பிவிடும். ரூபிகானுக்கு ஐந்தரை மாதம் ஆகும். அந்த இடைவெளியில் சிஓஇ ஏறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஏறலாம், இறங்கவும் செய்யலாம். மாதம் இருமுறை ஏலம் நடக்கிறது, நான்கு மாதத்தில் எட்டு ஏலங்கள். ஏறும் என்ற பயத்தில் கையிருப்பைத் துடைத்துவிட்டு வண்டி எடுத்தவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு முதல் பெரிய பழுதுச் செலவே கடன் அட்டையில்தான் போயிற்று.

சரி, ரூபிகானில் உள்ளவை உங்களுக்கு வேண்டுமா? அதில் கூடுதலாக வருபவை முன், பின் இரண்டு அச்சிலும் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கர அமைப்பு) பூட்டு, லோ ரேஞ்சில் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் நிலை) சஹாராவின் 2.72க்குப் பதிலாக 4 மடங்கு கியர் குறைப்பு, ஒரு பொத்தானில் கழன்றுகொள்ளும் முன்பக்க ஸ்வே பார் (வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் கம்பி), பக்கவாட்டில் பாறைக் காப்புக் கம்பிகள், 33 அங்குல டயர். இவை வெறும் அலங்காரம் அல்ல. சாதாரண டிஃபரன்ஷியலில், ஒரு சக்கரம் குழியில் இறங்கி எதிர்ச் சக்கரம் அந்தரத்தில் நின்றால், அந்தரத்தில் நிற்பதுதான் வீணாகச் சுழலும். பூட்டைப் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சுழன்று, மண்ணைப் பிடித்திருக்கும் சக்கரம் வண்டியைத் தள்ளும். பாறைப் படிகளில் ஏறும்போது 4 மடங்குக் குறைப்பு வண்டியை நடக்கும் வேகத்துக்கும் கீழே, பிரேக்கைத் தொடாமல் நகர்த்தும்.

ஆனால் செம்பனைத் தோட்டப் பாதை அப்படிப்பட்டதல்ல. டிராக்டரும் லாரியும் பழக் குலை ஏற்றிக்கொண்டு போய்வரும் செம்மண் பாதை அது. மழை பெய்தால் சறுக்கும், இரு தடங்களுக்கு நடுவே மேடு உயரும், ஓரத்துக் கால்வாயில் பின்சக்கரம் இறங்கும். அங்கே உங்களைக் காப்பது முதலில் டயரின் பிடி, அடுத்து டயர்க் காற்றை எவ்வளவு இறக்குகிறீர்கள் என்பது, அதற்கடுத்து இழுவைப் பட்டையோடு வரும் நண்பர். நான்கு சக்கர ஓட்டமும் லோ ரேஞ்சும் சஹாராவிலும் உண்டு. வழுக்கும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து மறு சக்கரத்துக்கு விசையை அனுப்பும் மின்னணு ஏற்பாடும் உண்டு. உங்கள் நண்பர்களில் யாரிடமாவது ரூபிகான் இருந்தால், கடந்த ஓராண்டில் எத்தனை முறை ‘ஆக்ஸில் லாக்’ விசையை உண்மையில் தேவைப்பட்டு அழுத்தினார் என்று கேளுங்கள். என்னிடம் வந்த ஒருவர் சற்று யோசித்துவிட்டு, வாங்கிய வாரத்தில் வாகன நிறுத்துமிடத்தில் மைத்துனருக்குக் காட்டுவதற்காக ஒரு முறை என்றார். நம் ஊரின் மிக உயர்ந்த இயற்கை மேடான புக்கிட் தீமா 163 மீட்டர். அதன் உச்சிக்கும் நாம் நடந்துதான் போகிறோம்.

விலை வித்தியாசம் வட்டியோடு 27,814 வெள்ளி. பத்தாண்டுக்கு, ஆண்டுக்கு நான்கு பயணம் என்று தாராளமாகவே வைத்தாலும், ஒவ்வொரு பயணத்துக்கும் ஏறத்தாழ 695 வெள்ளியை அந்தப் பூட்டுக்கும் கியருக்குமாகக் கொடுக்கிறீர்கள். கடைசியில் கழிவு கிடைக்குமே என்பார் விற்பனையாளர். பத்தாண்டுக்குள் பதிவை நீக்கினால் கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி பார்ஃப் கழிவாகத் திரும்புவது உண்மை. ஆனால் வட்டியில்லாமல், கட்டியதைவிடக் குறைவாகத்தான் திரும்பும்; அதற்கு 2023 பிப்ரவரியிலிருந்து உச்சவரம்பும் உண்டு. பத்தாம் ஆண்டில் சிஓஇயைப் புதுப்பித்து வண்டியை வைத்துக்கொண்டால் அந்தக் கழிவு முற்றிலும் போய்விடும். ஜீப்பை விரும்பி வாங்குகிறவர்கள் புதுப்பிக்கவே ஆசைப்படுவார்கள். ஆகவே இந்தக் கழிவை வேரியன்ட் தேர்வுக்குக் காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மறுவிற்பனையிலும் வாங்க வருபவர் முதலில் கேட்பது சிஓஇ எத்தனை மாதம் பாக்கி, கழிவு எவ்வளவு என்பதைத்தான். வேரியன்ட் பெயர் அதற்குப் பிறகே.

உங்கள் அப்பாவை மறந்துவிட வேண்டாம். இரண்டுமே உயரமான வண்டிகள். ரூபிகானின் பாறைக் காப்புக் கம்பி அடிப்பாகத்தைக் காக்க வைத்தது, கால் வைத்து ஏறுவதற்கான படி அல்ல. வாரம் ஒருமுறை அப்பாவைக் கோவிலுக்கோ மருந்தகத்துக்கோ அழைத்துப் போகப் போகிறீர்கள். தோட்டத்துக்குப் போவது ஆண்டுக்கு நான்கு முறை. முன்பணம் கட்டுவதற்கு முன் அவரைக் காட்சிக்கூடத்துக்கு அழைத்துச் சென்று, இரண்டிலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். முழங்காலில் கை ஊன்றாமல் அவர் இறங்குகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சஹாராவை வாங்கிவிட்டுப் பிறகு அதை ரூபிகானாக்கலாம் என்று நினைத்தால், நான் சொன்னது எல்லாம் தலைகீழாகிவிடும். டயர் மாற்றலாம், ஆனால் அது வண்டியின் பக்கவாட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. சஸ்பென்ஷனை உயர்த்துவது, அச்சில் பூட்டுப் பொருத்துவது போன்றவற்றை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பார்க்காமல் தொடவே கூடாது. செலவும் பெரியது, உத்தரவாதமும் போகலாம். அச்சும் கியரும் பூட்டும் தொழிற்சாலையில் வந்தால்தான் உண்டு. பாறை ஏறும் பாதைகளுக்கே போகப் போகிறேன், அதுவும் மாதம் ஒருமுறை என்று நீங்கள் நேர்மையாகச் சொல்ல முடிந்தால், ஐந்தரை மாதம் சேமித்துவிட்டு ரூபிகானையே எடுங்கள். நான் தடுக்க மாட்டேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

கையெழுத்திடும் முன் இரண்டு பதில்களை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, இரண்டு வேரியன்ட்டும் வாகனப் புகைக் கட்டணத் திட்டத்தில் ஒரே பிரிவில்தான் வருகின்றனவா என்று இறக்குமதியாளரிடம். டயரும் எடையும் மாறினால் புகை அளவும் மாறக்கூடும், பிரிவு மாறினால் கட்டணம் ஆயிரக்கணக்கில் மாறும். மற்றொன்று, தோட்டப் பாதையில், அதாவது பொதுச் சாலையல்லாத இடத்தில், நேரும் சேதத்துக்கு இழப்பீடு உண்டா என்று காப்புறுதி நிறுவனத்திடம். மேற்கு மலேசியாவுக்குக் காப்பு உண்டு என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு, சேற்றிலும் காப்பு உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். நண்பர்களுடன் போகும் முதல் பயணத்துக்கு முன் மலேசிய வாகன நுழைவு அனுமதியை எடுத்துவிடுங்கள். எல்லையில் பெட்ரோல் தொட்டி முக்கால் அளவு நிறைந்திருக்க வேண்டும் என்பதும் இனி உங்களுக்கும் பொருந்தும். ராங்ளரின் பெரிய தொட்டிக்கு அந்த முக்கால், மாதச் செலவில் தனி வரியாகவே தெரியும்.