லூத்தர் திருச்சபை நினைவுத் தங்கக் காசுகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: என் காசில் லூத்தர் உருவமும் 1517 என்ற ஆண்டும் இருக்கின்றன. 500 வருடப் பழசா?

பதில்: இல்லை. 1517 என்பது ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில், சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் கத்தோலிக்கத் திருச்சபையின் நடைமுறைகளுக்கு எதிராக 95 வாதங்களை வெளியிட்ட ஆண்டு, காசு அடித்த ஆண்டு அல்ல. அதைக் கொண்டாடிக் காசு அடிக்கும் வழக்கமே 1617-இல், சாக்சனி போன்ற ஜெர்மானிய அரசுகளில்தான் தொடங்கியது. உங்கள் காசில் நாட்டின் பெயரும் மதிப்பும் இல்லாமல், பளபளவென்று புதிதாகவும் இருந்தால், அது பெரும்பாலும் பிற்காலப் பதக்கம். அசல் தங்கமாக இருந்தால் தங்கத்தின் விலை கிடைக்கும். அதற்குமேல் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: 1617 டுகாட், 1630 டுகாட் என்ற பழைய ஐரோப்பியத் தங்கக் காசுகள் இரண்டும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. எதை வாங்கலாம்?

பதில்: நான் 1630-ஐத்தான் எடுப்பேன். 1530 ஜூன் 25 அன்று ஆக்ஸ்பர்கில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில் வாசிக்கப்பட்ட விசுவாச அறிக்கைதான் லூத்தர் திருச்சபையின் அடித்தளம். அதன் நூற்றாண்டுக்காக சாக்சனியின் ஆட்சியாளர் முதலாம் யோஹான் கெயார்க் அடித்த காசு அது. காலத்தைப் பாருங்கள்: கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்டன்ட்டுகளுக்கும் இடையே முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையிடமிருந்து எடுத்த சொத்துகளைத் திருப்பிக் கொடுக்கும்படி முந்தைய வருடம்தான் அப்போதைய பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்ட் ஆணை போட்டிருந்தார். அந்த நேரத்தில் இந்த அறிக்கையைத் தங்கத்தில் பொறித்து வெளியிட எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதே கோடையில்தான் லூத்தர் சபையைச் சேர்ந்த சுவீடன் அரசர் குஸ்டாவ் அடால்ஃப் படையோடு ஜெர்மானியக் கரையில் இறங்கினார். இந்தக் கதைக்காகவே கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், தப்பில்லை.

கேள்வி: டுகாட் அசல்தானா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். டுகாட்டின் எடை சுமார் 3.49 கிராம், தங்கத்தின் தூய்மை ஆயிரத்துக்கு 986 பங்கு. துல்லியமான தராசில் ஒரு சிறு கிண்ணம் தண்ணீரை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு ஏறக்குறைய 0.18 கிராம் காட்ட வேண்டும். தங்க முலாம் பூசிய வெள்ளி என்றால், அதே எடைக்கு 0.33 வரை போகும். அப்புறம் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இவற்றில் பல காசுகளுக்கு வளையம் ஒட்டிக் கழுத்தில் அணிந்திருந்தார்கள். பற்றவைத்த தடம் இருந்தால் விலை நன்றாகவே குறையும். தயவுசெய்து எதையும் தேய்த்து மெருகேற்ற வேண்டாம்.

கேள்வி: ஜெர்மனி 2017-இல் வெளியிட்ட 100 யூரோ தங்கக் காசு பிரான்ஸில் செல்லுமா?

பதில்: செல்லாது, ஜெர்மனியில் மட்டும்தான். ஐஸ்லபென், விட்டன்பர்க் லூத்தர் நினைவிடங்களுக்காக வந்த அந்தக் காசில் அரை அவுன்ஸ் தங்கம் இருக்கிறது. கடையில் கொடுத்துச் செலவழித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.