எல்லா டெஸ்ட்டும் நார்மல், ஆனால் நெஞ்சுப் படபடப்பு நிற்கவில்லை. பல வருட மன அழுத்தத்தால் வரும் உடல் தொந்தரவுகளை எப்படிச் சமாளிப்பது?

ஈசிஜி, எக்கோ என்ற இதய ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கிறது, டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார், ஆனால் நெஞ்சு இறுக்கமும் வயிற்றுப் பிரச்சினையும் போகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ‘ஒன்றுமில்லை’யை நான் பதினான்கு மாதம் கேட்டவன். இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இரவு படுத்ததும் காதுக்குள் இதயத் துடிப்பு கேட்கும், வீட்டில் சொல்லிச் சொல்லி இப்போது சொல்வதையே விட்டிருப்பீர்கள். என் நிலைமை அதுதான், உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. திருப்பூரில் பன்னிரண்டு மெஷின் வைத்து பவர் டேபிள் யூனிட் நடத்துகிறேன். கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுக்கும் கூலி வேலை. 2020 லாக்டவுனில் வாங்கிய கடனே பாதி நின்றிருந்தபோது நூல் விலை ஏறியது. 2022 மே மாதம் பஞ்சு ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. மே 16, 17 இரண்டு நாள் திருப்பூரில் வேலைநிறுத்தமே நடந்தது. கம்பெனிகளுக்கு நெருக்கடி வந்தால் முதலில் நிற்பது எங்கள் பில்தான். ஒரே இடத்தில் எனக்கு ஆறு லட்சத்துக்கு மேல் நின்றது. சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றால் வியாழக்கிழமையே வயிறு கலங்க ஆரம்பிக்கும்.

ஆகஸ்ட்டில் ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு லோடு ஏற்றி அனுப்பிவிட்டு வந்து படுத்தேன். நெஞ்சைச் சுற்றி பெல்ட் போட்டு இழுப்பது போல ஒரு இறுக்கம், இரண்டு கையும் உதடும் மரத்துவிட்டன, மூச்சு எவ்வளவு இழுத்தாலும் பத்தவில்லை. பக்கத்து வீட்டுக் காரில் கொண்டு போனார்கள். ஈசிஜி, மாரடைப்பா என்று பார்க்கும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை, காலையில் எக்கோ, சில நாள் கழித்து ட்ரெட்மில்லில் நடக்க வைத்துப் பார்க்கும் டிஎம்டி. எல்லாம் நார்மல். “ஒண்ணுமில்ல தம்பி, கேஸ்தான்” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு எட்டு டாக்டரைப் பார்த்தேன். வயிற்றுக்கு எண்டோஸ்கோபி, கழுத்துக்கு எக்ஸ்ரே, தலை கனத்துக்கு எம்ஆர்ஐ. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் இரண்டு நாள் நிம்மதி தரும், மூன்றாம் நாள் ‘அவர்கள் சரியாகப் பார்த்திருப்பார்களா’ என்று சந்தேகம் வந்துவிடும். நாடித் துடிப்பு காட்டும் வாட்ச் வாங்கி ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்ப்பேன். அம்மா ஒரு நாள், “ஏன் கண்ணு, ஒன்னுமில்லீன்னு சொன்னப்புறமும் எதுக்கு இப்படி ஓடறே” என்று கேட்டார். அவர் அக்கறையில்தான் கேட்டார். ஆனால் வலிக்கிறவனிடம் ஒன்றுமில்லை என்று சொல்வது அவன் பொய் சொல்கிறான் என்பது போலத்தான் அவனுக்குக் கேட்கும்.

கடைசியில் கண்டுபிடித்தது ஒரு பல் டாக்டர். 2023 அக்டோபரில் கடைவாய்ப் பல் கூச்சம் என்று போனேன். வாயைப் பார்த்துவிட்டு, “தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்களா? எல்லாப் பல்லும் தேஞ்சிருக்கே. என்னங்க அவ்வளவு கவலை?” என்றார். என்ன கவலை என்று அதுவரை எந்த டாக்டரும் என்னைக் கேட்டதில்லை. அந்த நாற்காலியிலேயே அழுதுவிட்டேன். அவர்தான் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்.

மனநல மருத்துவர் அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். ஆபத்து என்றால் உடம்பு அட்ரினலினைச் சுரந்து ஓடவோ அடிக்கவோ தயாராகிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், தசை இறுகும், செரிமானம் பின்னுக்குப் போகும். நாய் துரத்தினால் ஐந்து நிமிடத்தில் இது முடிந்துவிடும். கடன் மாதக்கணக்கில் துரத்தும்போது தசை தளரவே நேரம் கிடைப்பதில்லை. தோள், கழுத்து, தாடை எல்லாம் அப்படியே இறுகி நிற்கின்றன. அன்று இரவு கை மரத்ததும் இதில்தான் சேரும்: மூச்சை வேகமாக இழுத்து இழுத்து விட்டதில் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோனது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்களுக்கு இதே நெஞ்சுவலியும் படபடப்பும் வந்ததையும், இதயத்தில் நோய் எதுவும் தெரியாததையும் டா கோஸ்டா என்ற டாக்டர் 1871இலேயே எழுதியிருக்கிறார் என்றார். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னாலேயே ஒருவர் இதை எழுதி வைத்திருக்கிறார் என்பது எனக்கு மருந்து மாதிரி இருந்தது.

எஸ்சிடலோபிராம் என்ற, பதட்டத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார். முதல் பத்து நாள் படபடப்பு கூடவே செய்தது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால்தான் நிறுத்தாமல் இருந்தேன், நாலாவது வாரம் தூக்கம் வந்தது. ஒன்றரை வருடம் கழித்து அவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். மாத்திரைக்கு ஆள் பிடிக்கிறேன் என்று யாராவது கீழே எழுதுவார்கள், எழுதட்டும். எல்லாருக்கும் மாத்திரை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் சித்தப்பா மகன் கவுன்சிலிங்கிலேயே சரியானான். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி தூக்க மாத்திரை மட்டும் போடாதீர்கள். அது பழகிவிட்டால் விடுவது பெரும்பாடு, போட்டுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

மாத்திரையைத் தாண்டி எனக்கு உதவியது மாடிப்படி. கேட்க விசித்திரமாக இருக்கும். படபடப்பு வந்ததிலிருந்து வேகமாக நடக்கவே பயந்து, லோடு தூக்குவதை விட்டு, பைக்கை யூனிட் வாசல் வரை கொண்டுபோய் நிறுத்துவேன். டாக்டர், இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டுமென்றே அதைத் துடிக்க வையுங்கள், அது தானாக இறங்குவதை உட்கார்ந்து பாருங்கள் என்றார். யூனிட் இரண்டாவது மாடியில். முதல் நாள் நிற்காமல் ஏறிவிட்டுச் செத்துவிடுவேன் என்று கட்டிங் டேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலைந்து நிமிடத்தில் அடங்கியது. அடுத்த நாள் மறுபடி ஏறினேன். மூன்று வாரத்தில், துடிப்பது வேறு, சாவது வேறு என்பது என் உடம்புக்கே தெரிந்துவிட்டது. இதயப் பரிசோதனை முடித்து டாக்டர் சொன்ன பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

வாட்ச்சைக் கழற்றி அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டேன். ஏழு டீ இரண்டானது. நாலு எண்ணி மூச்சை இழுத்து ஏழு எண்ணி விடுவதை, படபடப்பு வரும்போது இல்லாமல் சும்மா இருக்கும்போதே பழகினேன். அயர்ன் டேபிளில் ஸ்டீம் விடும் சத்தம் கேட்டால் தோளைக் காது வரை தூக்கி இறுக்கி விட வேண்டும் என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். அப்படி விடும்போதுதான் அதுவரை எவ்வளவு இறுக்கி வைத்திருந்தேன் என்று தெரியும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. யோகா செய், பாசிட்டிவாக இரு என்று எங்களுக்குச் சொல்கிறவர்கள், பில்லை நிறுத்தி வைக்கிறவர்களிடம் ஏன் ஒன்றும் சொல்வதில்லை? சிறு தொழில்காரர்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, கூட்டு வட்டி என்று 2006 சட்டம் சொல்கிறது. 2024 ஏப்ரலில் வருமான வரியிலும் இதற்கு ஒரு பிடி வைத்தார்கள். புகார் கொடுக்கவும் வழி இருக்கிறது. கொடுத்தால் அடுத்த மாதம் கட் பீஸ், அதாவது தைக்க வெட்டிய துணி, வராது என்பதால் நாங்கள் கொடுப்பதில்லை. என் ஆறு லட்சத்தில் இரண்டு இன்னும் வரவில்லை. உள்ளூரில் யார் தலைமையில் எந்த விழா நடந்தாலும் அந்தக் கம்பெனியின் பெயர் நன்கொடைப் பட்டியலில் இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மனநல மருத்துவர் என்றதும் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் பேசிப் பாருங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம். இதுவரை வந்த மாதிரி இல்லாமல் புது விதமாக நெஞ்சு வலித்தால், வியர்த்துக் கொட்டினால், நடக்கும்போது வலி கூடினால், இது பதட்டம்தான் என்று நீங்களாக முடிவு செய்து வீட்டில் உட்காராமல் 108ஐக் கூப்பிடுங்கள். அப்புறம், நீங்கள் எழுதியிருக்கும் டெஸ்ட்டுகளில் தைராய்டு இல்லை. படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவது எல்லாம் அதிலும் வரும். அதையும் ஹீமோகுளோபினையும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.